மயிலாத்தாள் விட்ட சர்க்கரை

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் மயிலாத்தாள் சொன்ன சொல் தவறாதவள். தொண்ணூற்று நாலில் கோயமுத்தூர் டாக்டரம்மா அவள் கைச்சதையை இடுக்கி போன்ற கருவியால் கவ்வி, கொழுப்பை அளந்தார். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரிதான், சர்க்கரையை அடியோடு விட வேண்டும் என்றார். விட்டாள்.

களியும் பாதியானது. அரைவயிற்றோடு தறிமுன் நிற்கையில், ஓட்டுச் சந்தில் விழும் வெயிலில் மிதக்கும் பஞ்சோடு பஞ்சாகத் தானும் மெல்ல எழும்பி, சோமனூர் வரை போய்வருவதுபோல் இருக்கும்.

மூன்றாம் மாதம் அளந்தால் கொழுப்பு அப்படியே இருந்தது. "சர்க்கரை சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டுவிட்டார். மயிலாத்தாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏனுங்க, பொய் சொல்லுவனுங்களா? ஊட்டுல இருந்த நாட்டுச்சக்கரை பூராத்தையும் அன்னைக்கே மாட்டுக்கு வெச்சுப்போட்டனுங்க. இப்பக் காப்பிக்கு வெறும் ரேசன்ல போடற வெள்ளை அஸ்காதானுங்க, டம்ளருக்கு நாலு ஸ்பூன்!"