இடி இடித்தும் பிடுங்காத பிளக்

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு சின்ன கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்த்தேன். பழைய நோயாளி அட்டைகளைக் கரையான் தின்றுவிட்டதால், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது முதற்கொண்டு எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் டிஸ்க்கில் இடமில்லை என்று அது அடம்பிடித்தது. டாக்டர் வெளியே போயிருந்தார். கம்ப்யூட்டர் விற்றவருக்குப் போன் போட்டேன். உள்ளே இருப்பதைச் சுருக்கி இடம் உண்டாக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தவர், "பாதியில கரண்டு மட்டும் போகக்கூடாது. போச்சுன்னா எதுவும் மிஞ்சாது லா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பாதி வேலை ஓடியிருக்கும், வானம் கறுத்து இடி இறங்கியது. எங்கள் ஊரில் இடி என்றால் கை தானாகப் பிளக்கைத் தேடும். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. மருந்துக்குக் காத்திருந்த பக்கத்துக் கேரி தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து அக்கா ஒருவர், எனக்கு உதவுவதாக நினைத்துக் குனிந்து கம்ப்யூட்டர் பிளக்கில் கை வைத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"தொடாதீங்கக்கா. இப்ப புடுங்குனா எல்லார் விவரமும் அழிஞ்சிடும்."

"இடி விழுந்தா மட்டும் இருக்குமா, தங்கச்சி?"

பிடுங்கினால் நிச்சயம் போகும்; விட்டால் இடி எரித்துவிடலாம்.

"ஊசி போட்டதும் என் மவனுக்கு மூச்சு முட்டுச்சே, அதுவும் இதுலதான் இருக்கா?" என்று மெல்லக் கேட்டார். தலையாட்டினேன். வேறு யாரும் வந்து பிடுங்கிவிடாதபடி, பிளக்கை மறைத்துச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு இடிக்கும் காதைப் பொத்திக்கொண்டார், எழுந்திருக்கவில்லை. ஒருமுறை விளக்கு மங்கி, திரை சுருங்கி மீண்டது. நான் அழுதேவிட்டேன்.

மழை விட்ட பிறகுதான் வேலை முடிந்தது. முதலில் அவர் மகன் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஆகாத மருந்தின் பெயர் அப்படியே இருந்தது.

அக்கா சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நல்லது. ஒரு பேப்பர்லயும் எழுதிக் குடுத்துடுங்க. அவன் சட்டைப் பையில போட்டுவிடறேன்."

எழுதிக் கொடுத்தேன். அன்றே எல்லாவற்றையும் ஃபிளாப்பிகளில் நகல் எடுத்துவிட்டேன். மெஷின் கெட்டுவிடுமோ, டாக்டர் திட்டுவாரோ என்றுதான் அதுவரை நான் பயந்திருந்தேன். உண்மையில் யாருக்காகப் பயப்பட வேண்டும் என்பதை, இடிக்கு நடுங்கிக்கொண்டே தரையை விட்டு எழாத அந்தத் தாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.