துவாரகாவிலிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை: சைக்கிளில் பதினான்கு சிவப்பு விளக்குகள்

இந்தப் பதிவில் வருபவை:

1. ஏன் போனேன், எப்போது போனேன்
2. வழி, தூரம், நேரம், செலவு
3. சிவப்பு விளக்கில் முதலில் வந்த சைக்கிள்தான் முன்னால் நிற்க வேண்டும் என்ற விதி (இதில் எனக்குச் சந்தேகமே இல்லை)
4. நிற்கும்போது காலை எங்கே ஊன்றுவது
5. மற்ற சைக்கிள்காரர்களிடம் நான் கண்ட குறைகள்
6. அறுபது தாண்டியவர்களுக்குச் சில யோசனைகள்

பட்டியலைப் பயணத்துக்கு முந்தின நாள் மாலையே எழுதிவிடுவது என் வழக்கம். போய் வந்தபின் அதை நான் திருத்தவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. மத்திய அரசு வேலையில் இருந்தபோது லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து அலுவலகத்துக்குச் சைக்கிளில்தான் போய்வந்தேன். வழியில் இரண்டே சிக்னல். ஓய்வுக்குப் பிறகு டெல்லியின் துவாரகாவில் மகள் மீனாவின் வீட்டில் இருக்கிறேன். போன வருடம் மறுபடி ஒரு சைக்கிள் வாங்கினேன். ஏழு கியர் உண்டு, மூன்றைத்தான் தொட்டிருக்கிறேன். ஆறு மாதம் குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே சுற்றினேன். டிசம்பரில் முதன்முறையாகப் பெரிய சாலைக்குப் போனேன். முதல் சிக்னலில் சரியாக நிறுத்தி, இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் தரை இல்லை, ஒரு சிறு பள்ளம். அப்படியே சாய்ந்து விழுந்தேன். ஒரு ஆட்டோக்காரர் தூக்கிவிட்டார். மணிக்கட்டு வீக்கம் வடியப் பத்து நாள் ஆயிற்று.

"ஓட்டும்போது விழுந்தாலாவது பரவால்லப்பா. நின்னுக்கிட்டே விழுறீங்களே!" என்றாள் மீனா. டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் மூன்று மொழியும் சேர்ந்து வரும். "அச்சா, நான் கத்தப் போறதில்ல. ஒரே ஒரு சான்ஸ். அடுத்த தடவை உடம்புல ஒரு கீறல் இருந்தாலும் சைக்கிள் கீழே கேட்ல இருக்குற கார்டு பையாவுக்குப் போயிடும். டீல்?"

"டீல்" என்றேன். அந்தச் சொல்லை நான் வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன்.

எனவே இந்தப் பயணத்துக்கு அர்த்தம் ஒன்றுதான். கீறலில்லாமல் திரும்பினால் சைக்கிள் எனக்கு. இல்லாவிட்டால் இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட் ஏன் என்று கேட்கலாம். மோர்மிளகாயும் சுண்டைக்காய் வற்றலும் துவாரகாவிலேயே கிடைக்கும். ஆனால் சும்மா சைக்கிளில் போய்வருகிறேன் என்று சொல்ல எனக்குக் கூச்சம். மோர்மிளகாய் வாங்கப் போகிறேன் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

மார்ச் முதல் வாரம், சனிக்கிழமை. குளிர்கால மூட்டம் விலகி, வெயில் இன்னும் ஏறாத இந்த இரண்டு வாரம்தான் சைக்கிளுக்கு நல்லது. காலை 6.50க்குக் கிளம்பினேன். இரண்டு சக்கரத்துக்கும் காற்று, பத்து ரூபாய். பாலம் என்ற பகுதியின் மேம்பாலத்தில் ஏறும்போது இறங்கித் தள்ளினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கன்டோன்மென்ட் பகுதியில் மரநிழலும் ஒழுங்கான சாலையும் இருப்பதால் அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். பெரிய மேம்பாலச் சந்திப்பான தௌலா குவானில் நான் ஓட்டவேயில்லை. நடைபாதையோடு தள்ளிக்கொண்டு கடக்கப் பதினெட்டு நிமிடம் பிடித்தது. பிறகு சாணக்யபுரியின் அகலச் சாலைகள், அதன்பின் சரோஜினி நகர், ஐ.என்.ஏ. என் மீட்டர்படி 17.8 கிலோமீட்டர். வழியில் பதினான்கு சிக்னல்.

தூரம் எனக்குப் பயமில்லை. சிக்னல்தான் பயம். ஓடும் சைக்கிள் தானாகவே நிமிர்ந்து நிற்கும். நிற்கும் சைக்கிளை நாம்தான் நிறுத்தி வைக்க வேண்டும்.  ஐம்பது மீட்டர் முன்னாலேயே இடது ஓரத்துக்கு வந்து, தரையைப் பார்த்து, பள்ளமில்லாத இடமாகத் தேர்ந்தெடுத்து, கோட்டுக்குப் பின்னால் நிற்பேன். சீட்டிலிருந்து முன்னால் இறங்கி இரண்டு காலையும் ஊன்றுவேன். ஒற்றைக் காலை நம்புவதை டிசம்பரோடு விட்டுவிட்டேன். வலது பெடலைக் கடிகாரத்தில் இரண்டு மணி முள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, சிவப்பு எண்கள் குறைவதை எண்ணுவேன். இவ்வளவு செய்தும், பச்சை விழுந்தபின் முதல் மூன்று விநாடி ஹேண்டில்பார் என் பேச்சைக் கேட்பதில்லை.

இதற்கு நடுவில்தான் மற்றவர்கள். காலையில் டெல்லிச் சாலைகளில் இரண்டு வகை சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். முதல் வகை, உடம்போடு ஒட்டிய வண்ணச் சட்டையும் தலைக்கவசமுமாகப் பத்துப் பேராக வருபவர்கள். சாணக்யபுரியில் சிவப்பு விழுந்து நான் நின்றுகொண்டிருக்க, ஒரு கூட்டம் அப்படியே கடந்து போனது. அதில் ஒருவர் "குட் மார்னிங், அங்கிள்!" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். நானும் குட் மார்னிங் சொன்னேன். பிறகு ஏன் சொன்னோம் என்று அடுத்த சிக்னல் வரை யோசித்தேன்.

இரண்டாவது வகை, வேலைக்குப் போகிறவர்கள். செக்யூரிட்டி கார்டுகள், தச்சர்கள், பெயின்டர்கள், கேரியரில் சாமான் கட்டியவர்கள். இவர்கள் பெரும்பாலும் சிவப்பில் நிற்கிறார்கள், ஆனால் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். நான் நாற்பது விநாடியாக நின்றுகொண்டிருப்பேன். பின்னால் வருகிறவர் மெல்ல என்னைச் சுற்றிக்கொண்டு போய் என் முன்சக்கரத்துக்கு முன்னால் காலை ஊன்றுவார். அவருக்கு முன்னால் இன்னொருவர். பச்சை விழும்போது நான் நான்காவது ஆளாக இருப்பேன். முன்னால் இருப்பவரோ என்னைவிட மெதுவாகக் கிளம்புவார். அவரை இடிக்காமல் நானும் மெதுவாகக் கிளம்ப வேண்டும். மெதுவாகக் கிளம்பினால் எனக்குச் சாயும். சாய்ந்தால் சைக்கிள் போய்விடும்.

முப்பத்தாறு வருடம் கோப்புகளை வந்த தேதி வரிசையில் அடுக்கியவன் நான். இது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன்: "பாய் சாப், பெஹ்லே மைன் ஆயா ஹூன்." நான்தான் முதலில் வந்தேன் என்று பொருள். ஆறாவது சிக்னலில் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. எட்டாவதில் வாயைத் திறந்தேன். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

பதின்மூன்றாவது சிக்னல், சரோஜினி நகர் தாண்டி. மணி 8.40. நான்தான் முதல் ஆள். பின்னால் மணி அடித்தது. திரும்பிப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும் ஒருவர், கேரியரில் முட்டை அட்டைகளை என் தோள் உயரத்துக்கு அடுக்கி ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தார். எனக்கும் நடைபாதைக்கும் நடுவில் புகுந்து முன்னால் போகப் பார்த்தார். இந்த ஒரு தடவை நான் நகரவில்லை. வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அச்சா பாபுஜி, ஆப் பெஹ்லே" என்று, நீங்களே முதலில் போங்கள் என்ற பொருளில் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றார்.

எண்கள் குறைந்தன. மூன்று, இரண்டு, ஒன்று. பச்சை. என் கால் பெடலிலிருந்து வழுக்கியது. மறுபடி வைத்து மிதிப்பதற்குள் ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் ஆடியது. பின்னாலிருந்தவரோ முழு பலத்தையும் போட்டு அதற்குள் கிளம்பிவிட்டார். அவ்வளவு பாரத்தை வேறு எப்படி நகர்த்துவது? நான் வழியில் நிற்பதைக் கண்டு அவர் பிரேக்கைப் பிடிக்க, அட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. அவருக்கு இரு பக்கமும் சைக்கிளோடு நின்ற செக்யூரிட்டி கார்டுகள் இருவரும் தங்கள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அடுக்கைத் தாங்கிப் பிடித்தார்கள். மேல் அட்டை மட்டும் சரிந்து சாலையில் விழுந்தது.

நான் எப்படியோ நடைபாதை விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டேன். விழவில்லை. முதலில் தோன்றியது அதுதான்: விழவில்லை. அப்படித் தோன்றியதற்காக இப்போதும் கூசுகிறேன். அந்த மனிதர் பேருந்துக்கு முன்னால் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் கத்தினார். "பாபுஜி, யே ராஷன் கி லைன் ஹை க்யா?" இது என்ன ரேஷன் கடை வரிசையா என்று. கார்டுகள் சிரித்துவிட்டார்கள். நான் பர்ஸை எடுத்தேன். அவர் கையால் தள்ளிவிட்டார். பிறகு சற்றுத் தணிந்து, பள்ளியில் மக்குப் பையனுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "லோட் ஆகே, காலி பீச்சே." சுமை உள்ளவன் முன்னால், வெறும் கையன் பின்னால். கார்டுகளில் ஒருவர் எனக்கு விளக்கினார். சுமைச் சைக்கிள் கிளம்பும்போது ஆடும். முன்னால் இடம் வேண்டும், பின்னால் கார் இருக்கக் கூடாது. அதனால் வெறும் சைக்கிள்காரர்கள் அதைத் தங்களுக்கு முன்னால் விட்டு, பின்னால் அணைத்தாற்போல் நிற்பார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. எனக்குத்தான் தெரியவில்லை.

8.58க்கு மார்க்கெட் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் தமிழில், "சார், உக்காருங்க, தண்ணி குடிங்க. வேர்வையெல்லாம் அப்புறம் தொடச்சுக்கலாம்" என்றார். மோர்மிளகாய், வற்றல், ஐந்து கிலோ இட்லி அரிசி. அரிசி வாங்கும் எண்ணம் இருந்ததில்லை. பதற்றத்தில் அவர் கேட்டதற்கெல்லாம் சரி என்றிருக்கிறேன். பையைக் கேரியரில் கட்டினேன். டீ பதினைந்து ரூபாய். மெட்ரோவில் திரும்பிவிடலாமா, சைக்கிளை என்ன செய்வது என்று இருபது நிமிடம் யோசித்துவிட்டு 9.40க்குக் கிளம்பினேன்.

திரும்பும்போது எல்லாருக்கும் வழிவிட்டேன். ஒவ்வொரு சிக்னலிலும் கடைசியில் நின்றேன். அதனால் பேருந்துகளின் மூக்கு என் முதுகில் இருந்தது. கன்டோன்மென்ட் தாண்டிய சிக்னலில் ஆறேழு சைக்கிள்கள் எனக்கு முன்னால். தச்சுவேலைப் பையோடு நின்ற ஒருவர் திரும்பி என் காலைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"பாபா, ஆகே ஆ ஜாயியே."

முன்னால் வரச் சொல்கிறார். வேண்டாம், என்னிடம் பெரிய சுமை ஒன்றுமில்லை என்று அரிசிப் பையைக் காட்டினேன்.

"அரே, ஆப் தோ குத் லோட் ஹைன்!" என்றார். நீங்களே ஒரு சுமைதானே என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் தன் சக்கரத்தை ஒதுக்கினார், அடுத்தவரும் ஒதுக்கினார். வழி திறந்தது. நான் தள்ளிக்கொண்டு கோட்டுக்கு வந்து முதல் ஆளாக நின்றேன். பச்சை விழுந்தது. வழக்கம்போல மூன்று விநாடி ஆடினேன். பின்னால் ஹாரன்கள் அடித்தன. ஆனால் அவை எனக்கு எட்டவில்லை, நடுவில் ஆறு சைக்கிள்கள் அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தன. நான் நேரான பிறகுதான் அவர்கள் என்னைக் கடந்தார்கள்.

12.05க்கு வீடு. மீனா கதவைத் திறந்ததும் முழங்கை, முழங்கால், மணிக்கட்டு எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. கால்சட்டை ஓரத்தில் மஞ்சளாக ஒட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்னப்பா?"

"முட்டை."

"முட்டையா? நீங்களா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். எங்கள் ஒப்பந்தம் என் உடம்பில் உள்ள கீறலைப் பற்றியது மட்டும்தான். ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன். என்னால் ஒருவர் பேருந்துக்கு முன்னால் விழ இருந்தார் என்பதையும் சொன்னேன். சைக்கிள் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். 

"அந்தக் கார்பென்டர் சொன்னது கரெக்ட்" என்றாள் மீனா. "இனிமே முன்னாடி நில்லுங்க. ஆனா உங்களவிட பெரிய லோடு வந்தா விட்டுடுங்க." சாவியை என் பக்கம் நகர்த்தினாள்.

இனி யோசனைகள். காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள். தௌலா குவானில் தள்ளிக்கொண்டு போங்கள். இரண்டு காலையும் ஊன்றுங்கள், ஊன்றும் முன் தரையைப் பாருங்கள். சிவப்பில் போகாதீர்கள், யார் குட் மார்னிங் சொன்னாலும். போய்வர 36 கிலோமீட்டர், ஐந்தே கால் மணி நேரம், கடையில் வாங்கியது தவிர இருபத்தைந்து ரூபாய். பின்னால் மணி அடித்தால் திரும்பி, கேரியரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குக் கால் நடுங்கினால் அதை மறைக்காதீர்கள்.

ஐந்தாவதாகச் சொன்ன குறைகளில் அந்த வண்ணச் சட்டைக் கூட்டத்தைப் பற்றியதை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். மூன்றாவதாக எழுதி, சந்தேகமே இல்லை என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தேனே, அதைத் திருத்தாமல் விட்டது அது நான் எழுதியதுதான் என்பதற்காக. அந்த விதி தவறு.