முந்நூறு கோல் தூரம்

சங்கிலிக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். நில அளவைத் துறையில் முப்பத்தெட்டு வருடம் அளவுச் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்று நான்கு வருடமான பிறகும், அவர் வீட்டு அடுப்படியிலிருந்து வாசலுக்கு எத்தனை அடி என்று கேட்டால் இருபத்தாறே கால் என்று யோசிக்காமல் சொல்வார்.

அவருடைய அக்கா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். வேலை முடிந்ததும் வீட்டில் உட்காராமல் ஊரை ஒட்டிய ஏரியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கரையோரப் பாதைகள், பறவைகள், கோரை அறுப்பவர்கள், படகோட்டிகள் என்று ஆறு வருட உழைப்பு. அதிலுள்ள ஒவ்வொரு தூரத்தையும் அளந்து சரிபார்க்கும் வேலையைத் தம்பி தலையில் கட்டினார். புத்தகத்தின் கடைசியில் அளவுப் பட்டியல், மொத்தம் நூற்றுப் பதினான்கு வரிகள். நூற்றுப் பதின்மூன்று வரிகளுக்கு எதிரே அடியும் அங்குலமும் இருந்தன. ஒன்றுக்கு எதிரே மட்டும் ‘இல்லை’ என்று இருந்தது.

அந்த ஒன்றுதான் ஏழாவது அத்தியாயத்தின் உயிர். படித்துறையிலிருந்து, எதிர்க்கரையில் தெரியும் மலைப்பிளவை நோக்கி நேராக முந்நூறு கோல் போனால் தண்ணீருக்கடியில் கல்வரிசை ஒன்று இருக்கிறது என்று படகோட்டிகள் சொல்லிவந்தார்கள். படகைத் தள்ளும் கோலின் நீளம்தான் அவர்களுக்கு அளவு. கல்லைக் கண்ணால் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. ஆனால் எந்தப் படகோட்டி வீட்டில் கேட்டாலும் அதே திசை, அதே முந்நூறு.

பதிப்பகத்து அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அளந்தவரே இல்லைன்னு எழுதிட்டார். அப்புறம் நான் எப்படிங்க போடறது? இது கதைப் புத்தகம் இல்ல. வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள ஒரு கல்லாவது காட்டுங்க. இல்லன்னா அந்த அத்தியாயம் வேண்டாம்.”

படியிறங்கும்போது அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உன்னைப் போய் அளக்கக் கூப்பிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“இல்லாததை இருக்குன்னு எழுதச் சொல்றியா?”

“பதினோரு வீட்டுல சொன்னது பொய், நீ ரெண்டு நாள் கோலால குத்திப் பாத்தது மட்டும் நிஜம். அப்படித்தானே?”

சங்கிலிக்காரரின் கணக்கில் பிழை இல்லை. இன்றைய கோல் ஒன்பது அடி. முந்நூறு கோல் என்றால் இரண்டாயிரத்து எழுநூறு அடி. அந்த இடத்தைச் சுற்றி நாற்பது அடி வட்டம் முழுவதும் குத்திப் பார்த்தாகிவிட்டது. சேறுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு, இரவல் வாங்கிய கயிற்றைத் திருப்பிக் கொடுக்கப் படகுக்காரம்மாவின் கொட்டகைக்குப் போனார். அவள் கவிழ்த்த படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு நீண்ட மரத்தில் வலைகள் தொங்கின. மரத்தின் ஒரு நுனியில் இரும்புப் பூண்.

“உத்தரத்துக்கு எதுக்கும்மா பூண்?”

“உத்தரம் இல்லீங்க ஐயா. எங்க மாமனாரோட தாத்தா தள்ளின கோல்.”

“இவ்வளவு நீளமா?”

“அப்ப ஆழம் அதிகம். ஆழத்தைப் பாத்துத்தானே கோல் வெட்டறோம்? வண்டல் ஏற ஏற ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் குட்டையாயிடுச்சு. இதை இப்ப எடுத்துட்டுப் போனா பாதிக் கோல் ஆகாசத்தைத்தான் தள்ளும்.”

சங்கிலிக்காரர் ஒரு டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி, அளவு நாடாவைப் பிடித்தார். பதின்மூன்றடி இரண்டங்குலம். இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி அளந்தார். அதேதான். முந்நூறு என்ற எண் தலைமுறை தாண்டி அப்படியே வந்திருக்கிறது. கோல்தான் கையிலேயே தேய்ந்திருக்கிறது. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது அடியில் தேட வேண்டியதை, ஆயிரத்து இருநூற்றைம்பது அடிக்கு இப்பாலேயே நின்று இல்லை என்று எழுதிவிட்டார்.

“அக்கா, செருப்பை மாட்டிட்டுப் படித்துறைக்கு வா” என்று தொலைபேசியில் சொன்னார்.

கரையில் இரண்டு குச்சிகளை மலைப்பிளவுக்கு நேராக நட்டார்கள். படகில் உட்கார்ந்து, குச்சிகள் ஒன்றையொன்று மறைக்கின்றனவா என்று திரும்பிப் பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை. படகுக்காரம்மா தள்ளினாள். நூறடிக் கயிற்றை நீட்டி நீட்டி, ஒவ்வொரு முறையும் அதன் முனையில் ஒரு மிதவையைப் போட்டு அவர் எண்ணினார். முப்பதாவது கயிற்றுக்குப் பிறகு ஒரே பாசி. இந்தப் பக்கம் இப்போது யாரும் படகு விடுவதில்லை.

“வலப்பக்கம் போறீங்க. இன்னும். போதும்” என்றார் அக்கா.

மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாவது அடியில் கோல் சேற்றில் இறங்கவில்லை. இரும்பு நுனி எதிலோ மோதிய அதிர்வு மூன்று பேரின் காலுக்கும் வந்தது.

அவர் ஆழம் பார்த்தார். சுற்றிலும் ஐந்தடி எட்டங்குலம். மோதிய இடத்தில் நாலடி பத்தங்குலம். வண்டல் மூடாமல் விட்டுவைத்தது பத்தே அங்குலம். சட்டையைக்கூடக் கழற்றாமல் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பாதம் பதிந்தது. சமதளம். நேரான விளிம்பு, உளி போட்ட முனை. கரையிலிருந்து முக்கால் மைல் தள்ளி, ஏரி நடுவில், கழுத்தளவு தண்ணீரில் அவர் நின்றார். தண்ணீரில் நின்று யாரும் இப்படி இழைத்துப் பதிக்க முடியாது. இந்தக் கல்லை வைத்தவர்கள் உலர்ந்த தரையில் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஏரி பிற்பாடு வந்தது. அப்புறம் சங்கிலியைக் கண்ணால் பார்த்திராத படகோட்டிகள் வெறும் கோலால் எண்ணி, ஒரு கோலுக்கும் குறைவான பிசகில் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

“என்னடா, ஒண்ணும் பேச மாட்டேங்கற?” என்றார் அக்கா.

“இரு.” இடது காலை மெல்ல முன்னால் நீட்டித் துழாவினார். இரண்டடி தள்ளி இன்னொரு கல். அதில் ஏறி நின்றார். “இதோட ரெண்டு. எழுதிக்கோ.”

அக்கா எழுதவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

“ஏழாவது அத்தியாயத்தை எடுத்துடாதீங்க. கல்லா? இருக்குங்க. எங்க தம்பி அதுமேலதான் நிக்கறான்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “படமா? எடுக்கலாம். தலை மட்டும்தான் தெரியும், பரவாயில்லையா?”

படகுக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சங்கிலிக்காரர் காதில் எதுவும் விழவில்லை. அவர் மூன்றாவது கல்லில் ஏறிவிட்டிருந்தார். அவள் படகைச் சத்தமில்லாமல் அவர் பின்னாலேயே நகர்த்தினாள்.