பஸ்ஸில் படிக்க முடிகிற எழுத்து

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு விருந்தினர் விடுதியில் நான் சமையல்காரன். பெயர் பலராமன். வேதா அங்கே வரவேற்பு மேசையில் இருக்கிறாள். தண்டராம்பட்டுப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பத்துப் பெண், வயது இருபத்தொன்பது. எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். முதல் தோசை மட்டும் ஏன் கல்லில் ஒட்டுகிறது என்று கேட்டு ஒரு வாரம் என் உயிரை வாங்கியவள்.

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி வரை விடுதியில் யாரும் பேசக்கூடாது. தியானத்துக்கு வந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் வேதா லேப்டாப்பில் ஒரு துப்பறியும் விளையாட்டை ஆடி, பதிவு செய்து, பாகம் பாகமாக இணையத்தில் ஏற்றுவாள். பங்களாவில் ஒரு ஜமீன்தார் கொலை. கொன்றவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் ஆடிக்கொண்டே பேசுவார்கள். இவளுக்கு அதற்கு வழியில்லை. அதனால் கதையையும் தன் சந்தேகங்களையும் தமிழில் எழுதிப் படத்தின் அடியில் ஓடவிட்டாள்.

அந்த எழுத்துக்காகவே வந்து சேர்ந்தவன் வளவன். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. அவனுக்கும் கூட வேலை செய்கிற எட்டுப் பேருக்கும் காது கேட்காது. பதினோராம் பாகத்தின் கீழே அவன் எழுதியிருந்தான்: “அக்கா, எங்க ஒன்பது பேருக்கும் காது கேக்காது. எழுத்து ஒரே கலங்கலா இருக்கு. பாதியை ஊகிச்சித்தான் பாக்கறோம். இன்னும் ரெண்டு பாகம்தான் இருக்கு. யார் கொன்னான்னு தெரியாமலே முடிஞ்சிடும்போல.”

வேதா அதை என்னிடம் காட்டினாள். “நான் சத்தம் போடக்கூடாதுன்னுதாண்ணா எழுதனேன். இவங்களுக்கு அது ஒண்ணுதான் வழின்னு எனக்குத் தெரியவே தெரியாது” என்றாள். முகம் வாடிப்போயிருந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

மறுநாளே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய லேப்டாப் அவளுடையது. அதன் திரையில் குறுக்கே 1366 புள்ளி, நெடுக்கே 768. எல்லோரும் 1920க்கு 1080 வைக்கிறார்களே என்று இவளும் அந்த அளவுக்கு இழுத்துப் பதிவு செய்திருந்தாள்.

“ஒரு புள்ளியை ஒண்ணே கால், ஒண்ணரைன்னு இழுத்தா அது எங்கண்ணா நிக்கும்? பக்கத்துப் புள்ளி மேல வழியுது” என்றாள்.

“சாம்பார் வழியுது, தள்ளு” என்றேன்.

விளையாட்டை 1280க்கு 720இல் வைத்தாள். அதே அளவில் பதிவு செய்து, ஏற்றும்போது சரியாக இரண்டு மடங்காக்கினாள். ஒரு புள்ளி நான்கானது. பின்னம் இல்லை, வழிசலும் இல்லை. பெரிய அளவில் ஏற்றினால் இணையதளமும் படத்தை அவ்வளவாக நசுக்காதாம். விடுதி வைஃபையில் பன்னிரண்டாம் பாகத்தைப் பார்த்தோம். எழுத்து அச்சடித்ததுபோல இருந்தது. அன்று அவள் நடையே வேறு.

வளவனிடமிருந்து பதில் வந்தது: “அப்படியேதான் இருக்கு அக்கா.”

இரண்டு நாள் வேதா பன்னிரண்டாம் பாகத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிறகுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்: “நீங்க எப்படிப் பாக்கறீங்க?” அவன் ஒரு படம் அனுப்பினான். கம்பெனி பஸ், ஒரே போன், சுற்றி ஒன்பது தலை. திரையின் ஓரத்தில் 360 என்று இருந்தது, அதாவது படத்தின் நெடுக்கே வெறும் 360 புள்ளி. சாயங்காலத்துக்குள் டேட்டா கம்மியாகிவிடும், அதற்கு மேல் வைத்தால் ஓடாது என்று எழுதியிருந்தான்.

“நம்ம வைஃபைல பாத்துட்டு நானே எனக்கு மார்க் போட்டுக்கிட்டேண்ணா” என்றாள்.

கடைசிப் பாகத்துக்கு எல்லாம் தலைகீழானது. படத்தை முதலில் 360க்குச் சுருக்கி, அதில் எந்த எழுத்து நிற்கிறது என்று பார்த்தாள். என் கீறல் விழுந்த போன், பால்காரர் சுப்பனின் போன், ஆட்டோக்காரரின் போன் எல்லாம் பிடுங்கப்பட்டன. கை நீட்டுகிற தூரத்தில் பிடித்து, ஆட்டி ஆட்டிப் படிக்கச் சொன்னாள். பஸ் குலுங்குமாம். எழுத்து இரண்டு மடங்கு பெரிதானது. நாலு வரி இரண்டாகச் சுருங்கியது. ஆசை ஆசையாக எழுதிய கிண்டலையெல்லாம் அவளே வெட்டினாள். வெட்டும்போது எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஏற்றினாள். ஆறரை மணிக்கு வளவனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பஸ்ஸுக்குள் எடுத்தது, ஒரே கலங்கல். ஒன்பது பேரும் கைகளாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அடியில் பெரிய எழுத்தில், இரண்டே வரி:

“சமையல்காரன்தான் கொன்னான்னு நான் அப்பவே சொன்னேன்.
உங்களுக்குக் கைப்பேச்சு தெரியாதில்ல அக்கா, அதான் எழுத்து போட்டேன்.”

வேதா அதை மூன்று முறை பார்த்தாள். சமையல்காரன் மேல் பழி விழுந்ததைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அழுதுகொண்டிருந்ததால் சொல்லவில்லை.