தமிழ் அறை தாட்சாயணி

சித்தூரில் எங்கள் பொது நூலகத்தின் மாடியில், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைக்கும் வராந்தாவைத் தாண்டினால் ஓர் அறை வரும். காகிதத்தில் அதற்குப் பெயர் சிறப்புச் சேகரிப்பு. ஊழியர்கள் சொல்வது 'அரவ ரூம்'. தமிழைத் தெலுங்கில் அரவம் என்பார்கள். சொல்கிற விதத்தில், அங்கே ஏதோ செத்துக் கிடப்பது போல ஒரு முகச்சுளிப்பும் சேர்ந்து வரும்.

நான் வக்கீல் ஜெயச்சந்திரனிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். பழைய அறிவிப்பு, பழைய விளம்பரம் என்று ஏதாவது தேடி மாதம் ஒரு தடவையாவது அந்த அறைக்குப் போவேன். பத்து வருடத்தில் அங்கே நான் பார்த்த மற்ற வாசகர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆனால் எப்போது போனாலும் தாட்சாயணி இருப்பாள்.

அவள் ரெக்கார்டு அசிஸ்டெண்ட். சொந்த ஊர் நகரி. அப்பாவும் இரண்டு அண்ணன்களும் பவர்லூம் ஓட்டுகிறவர்கள். பத்தாவது வரை தமிழில் படித்து, பிறகு தெலுங்கில் தபால் வழியாகப் பட்டம் வாங்கினவள். இருபத்து மூன்று வயதில் வேலைக்கு வந்தபோது, தமிழ் படிக்கத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக அவளை அந்த அறைக்கு அனுப்பினார்கள். ஜன்னலைத் திறக்க வேண்டும், அந்துருண்டை போட வேண்டும், சாயங்காலம் பூட்ட வேண்டும். அதற்கு மேல் யாரும் அவளிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அவள் படிக்க ஆரம்பித்தாள். சித்தூரிலும் புத்தூரிலும் அச்சான பழைய வாரப்பத்திரிகைகள், எல்லைப் போராட்டத் துண்டுப் பிரசுரங்கள், நெசவாளர் சங்க நோட்டீசுகள், பள்ளி ஆண்டு மலர்கள், ஆயிரத்து நூறு உருப்படிக்கு மேல். எந்த வருடம் எந்தக் கட்டில் இருக்கிறது என்று பட்டியலைப் பார்க்காமல் சொல்வாள். பட்டியலைப் பார்த்தால் தப்பாகத்தான் சொல்ல முடியும். தமிழ் தெரியாத ஒருவர் தயாரித்த பட்டியல் அது. அட்டையில் படம் இருந்தால் 'படப் புத்தகம்', இல்லாவிட்டால் 'இதரம்'.

இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பர் மழையில் அந்த அறையின் கூரை ஒழுகியது. பத்திரிகைக் கட்டுகள் பாதிக்கு மேல் நனைந்துவிட்டன. தாட்சாயணி பன்னிரண்டு நாள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளுக்கும் நடுவே வெள்ளைத் தாள் வைத்து, ஈரம் ஏறியதும் மாற்றி, ஃபேன் காற்றில் உலர்த்தினாள். இரண்டு கட்டு தவிர எல்லாம் பிழைத்தன. நூலக அதிகாரி கமலக்கண்ணன் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் 'என் துரித நடவடிக்கையால்' என்று ஆரம்பித்தார். அந்தப் பன்னிரண்டு நாளில் அவர் மாடி ஏறியதே இல்லை. படி வழுக்குமாம்.

கமலக்கண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவரும் தமிழர்தான், புத்தூர்க்காரர். வீட்டில் தமிழ், மாமியார் வீட்டில் தமிழ், கோபம் வந்தால் சுத்தமான தமிழ். ஆபீஸில் மட்டும் தமிழ் எழுத்தைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாக்கு ராது" என்பார், தெலுங்கில் எனக்குத் தெரியாது என்று அர்த்தம். தமிழ் தெரியும் என்று ஒத்துக்கொண்டால் அந்த அறையைப் பற்றி யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களே!

இரண்டு வருடத்துக்கு முன்னால் டிஜிட்டல் திட்டம் வந்தது. சிறப்புச் சேகரிப்பு முழுவதையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். மூன்று வாரத்தில் நாற்பதாயிரம் பக்கம். திருப்பதியிலிருந்து ஒரு கம்பெனி ஆட்களை அனுப்பியது. அவர்களுக்கு சூப்பர்வைசர் திலீப். கழுத்தில் அடையாள அட்டை, காதில் எந்நேரமும் போன், கையில் கல் வைத்த மோதிரம். வந்த ஆறு பேரில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்பதையே குத்துமதிப்பாகத்தான் முடிவு செய்தார்கள்.

தாட்சாயணி முதல் நாளே போய்ச் சொன்னாள். "தூசி தட்டிட்டு வைங்க. மடிச்சி ஒட்டின தாள் இருந்தா பிரிச்சி வைக்கணும். நான் பக்கத்துல உக்காந்துக்கினு பக்கம் எண் பாத்துச் சொல்றேன்."

"அக்கா, டைம் லேது அக்கா," என்றான் திலீப். "டார்கெட் இருக்குது. நீங்க கட்டை மட்டும் எடுத்துக் குடுங்க, போதும்."

மூன்றாம் நாள் அவள் மதியம் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தபோது, வராந்தாவில் ஒரு புது இயந்திரம் நின்றது. புத்தகத்தின் முதுகை வெட்டி எடுத்துவிட்டால் தாள்கள் தனித்தனியாகிவிடும், ஸ்கேனருக்குள் கட்டாக விட்டு வேகமாக முடிக்கலாம். முப்பத்து நான்கு புத்தகங்களின் முதுகு அதற்குள் தரையில் கிடந்தது. அடுத்ததாக ஒரு வாரப்பத்திரிகைக் கட்டு பிளேடுக்கு அடியில் இருந்தது.

அவள் கையை உள்ளே விட்டு அந்தக் கட்டை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா! கை போயிடும்!" என்று திலீப் கத்தினான்.

"போவட்டும். என் கைய வெட்டினா கேஸு வரும். இத வெட்டினா யாரு வரப் போறாங்க?"

கமலக்கண்ணன் கீழேயிருந்து ஏறி வந்தார். அன்றைக்குப் படி வழுக்கவில்லை. திட்டத்தைத் தடுக்கிறாள் என்று அவளைத்தான் கண்டித்தார். இருந்தாலும் ரத்தம் கித்தம் வந்துவிட்டால் தன் பெயர் கெடுமே என்று வெட்டும் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார். அன்று சாயங்காலம் நான் போனபோது, தாட்சாயணி அந்த முப்பத்து நான்கையும் தாள் வரிசை பார்த்து அடுக்கி, பழைய புடவைக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

திருப்பதியில் தொடக்க விழா. சால்வைகள், பூங்கொத்துகள், இரண்டு ஆள் உயரத்துக்குத் திரை. மேடையில் பதினோரு நாற்காலி. அதில் உட்கார்ந்த பதினோரு பேரில் அந்த அறைக்குள் கால் வைத்தவர் ஒருவரும் இல்லை. கமலக்கண்ணனே வாசல் வரைதான் வந்திருக்கிறார். அறையைக் காப்பாற்றியவளுக்குக் கடைசி வரிசையில் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் வேலை. சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தினார். திரையில் ஐம்பத்தாறாம் வருடத்து வாரப்பத்திரிகையின் முதல் பக்கம் எழும்பியது, தலைகீழாக.

அரங்கமே கை தட்டியது. விருந்தினர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எவ்வளவு பழமையான எழுத்து, பார்த்தாலே தெரிகிறது என்று மைக்கில் வியந்தார்.

கடைசி வரிசையிலிருந்து தாட்சாயணி எழுந்தாள். "சார், தலைகீழா இருக்குது."

முன் வரிசைகளில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தமிழ் தெரியும், அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கமலக்கண்ணன் மேடை ஓரத்திலிருந்து புன்னகை மாறாமல் தெலுங்கில் சொன்னார், அந்தக் காலத்தில் அப்படித்தான் அச்சிடுவார்கள் என்று. அதற்கும் கை தட்டினார்கள்.

விழா முடிந்த மறுவாரத்திலிருந்து தாட்சாயணி மதிய இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஏற்றப்பட்ட பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிடுவாள், கண் மட்டும் திரையில். இரண்டு மாதம் ஆயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களில் பக்கங்கள் இல்லை. ஒரு பள்ளி ஆண்டு மலர் அறுபத்து மூன்று வெவ்வேறு தலைப்புகளில் அறுபத்து மூன்று தடவை ஏறியிருந்தது. கணக்குக்குப் பக்கம் போதாமல் போனபோது கையில் கிடைத்ததையே திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் தெலுங்கில் எழுதினாள். தமிழில் எழுதினால் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனபோது நானும் ஒரு நகல் விஷயமாக அங்கே உட்கார்ந்திருந்தேன். கமலக்கண்ணன் நோட்டைப் பிரிக்கவே இல்லை.

"ஏம்மா, உனக்கு இன்னாதான் வேணும்?" கோபத்தில் தமிழ் வந்துவிட்டது.

"புஸ்தகம் சார்."

"அதான் எல்லாம் ஆன்லைன்ல ஏறிடுச்சே. இனிமே அதுதான் ஒரிஜினல். மேல இருக்கிறது பேப்பர் குப்பை. திங்கக்கிழமை வண்டி வருது, ரூமைக் காலி பண்ணிக் குடு. டிஜிட்டல் லவுஞ்ச் வைக்கப் போறோம்."

"அதுல என்னா வைப்பீங்க சார்?"

"சோபா," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சோபாதான் வருவதாக இருந்தது.

திங்கட்கிழமை பழைய பேப்பர் வண்டி வந்தது. தாட்சாயணி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சேர்க்கைப் பதிவேட்டை மடியில் வைத்தபடி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பதிவேட்டில் எண் உள்ள எந்தப் புத்தகமும் கழிவுக் குழுவின் கையெழுத்து இல்லாமல் கட்டடத்தை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. குழுவே அமைக்கவில்லை. வண்டிக்காரர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு ஊரில் வேறு குப்பைக்கா பஞ்சம்? அவளுக்கு மெமோ வந்தது. கீழ்ப்படியாமை, பொதுப்பணிக்கு இடையூறு, ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். அந்தத் தாளை அவள் என்னிடம் நீட்டினாள்.

"பயமா இருக்குதா?" என்றேன்.

"இருக்குது அண்ணா. வேலை போச்சின்னா நகரிக்குப் போய் அண்ணி கையால துன்னணும். அந்த பயம் யாருக்குத்தான் இருக்காது?"

அந்த ஏழு நாளுக்குள்தான் சத்தியவேடு பக்கத்திலிருந்து முனிகிருஷ்ணன் என்கிற விவசாயி எங்கள் வக்கீலிடம் வந்தார். அவர்கள் ஊர் ஏரிக்குள்ளேயே பன்னிரண்டு ஏக்கர் தன் பட்டா நிலம் என்று ஒருவர் வேலி போட்டுவிட்டார். ஏரி பொதுச் சொத்து என்று காட்டப் பழைய ஆதாரம் வேண்டும். ஐம்பத்தெட்டில் அந்த ஏரியின் மீன் குத்தகைக்குப் பஞ்சாயத்து ஏலம் விட்டதாகவும், சித்தூர் வாரப்பத்திரிகையில் அறிவிப்பு வந்ததாகவும் ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

நான் முதலில் இணையத்தில் தேடினேன். அந்த இதழ் இருந்தது. அந்தப் பக்கமும் இருந்தது. அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல் இருந்தன, ஒன்றில் கல் வைத்த மோதிரம். டார்கெட்டுக்கு ஆள் போதாமல் திலீப்பே தாளைப் பிடித்திருக்கிறான்.

தாட்சாயணியிடம் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கட்டைக் கொண்டு வந்து பிரித்தாள். மூன்றாம் பத்தியின் அடியில், ஏரியின் பெயர், நான்கு எல்லை, ஏல நாள், பஞ்சாயத்துத் தலைவர் பெயர், எல்லாம் தெளிவாக இருந்தன. அந்தப் பக்கம் மழையில் நனைந்து அவள் உலர்த்தியது. ஓரத்தில் தண்ணீர்க் கறை வளையமாக இருந்தது.

சான்று நகலில் கையெழுத்துப் போட வேண்டியவர் கமலக்கண்ணன். போட்டால் மூலம் இருக்கிறது, அதைப் படிக்கத்தான் வேண்டியிருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். இணையத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதித் தந்தார். எங்கள் வக்கீல் அந்தக் கடிதத்தையும் விரல் படத்தையும் சேர்த்து நீதிமன்றத்தில் வைத்தார். மூலத்தோடு அதிகாரியே நேரில் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதிகாரி வந்தார். கட்டைத் தூக்கிக்கொண்டு தாட்சாயணி பின்னால் வந்தாள். நீதிபதி விரல் படத்தைப் பார்த்தார், மூலத்தைப் பார்த்தார். "இதுல இருக்கிறது என்ன? படிங்க," என்று கமலக்கண்ணனிடம் சொன்னார்.

கமலக்கண்ணனின் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றினால் எந்த ஊர் என்ற கேள்வி வரும். புத்தூர் என்று சொல்ல வேண்டியிருக்கும். போட்டபடியே படித்தார். ஒரு சொல் தடுமாறவில்லை, நல்ல தமிழ். தாட்சாயணி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் என்று பிறகு சொன்னாள்.

அந்த அறையில் இன்னும் தேட வேண்டிய ஆவணங்கள் இருக்கின்றன என்று எங்கள் வக்கீல் மனுப் போட்டார். வழக்கு முடிகிற வரையில் அறையிலிருந்து ஒரு தாளும் வெளியே போகக்கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. சிவில் வழக்கு எத்தனை வருடம் நடக்கும் என்று முப்பது வருடக் குமாஸ்தாவான எனக்குத் தெரியும். எதிர்த்தரப்பு இப்போதே மூன்று வாய்தா வாங்கியாயிற்று. வாய்தாவைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மெமோ என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. கமலக்கண்ணனுக்குச் சிறந்த டிஜிட்டல் நூலகத்துக்கான கேடயம் கிடைத்தது. அது கீழே அவர் மேஜையில் இருக்கிறது. வேலி பிடுங்கப்படவில்லை, ஆனால் புதிதாக எதுவும் கட்ட முடியாது. முனிகிருஷ்ணன் வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் மாடி ஏறி, அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்.

கம்பெனி போகும்போது பழுதான ஒரு ஸ்கேனரை விட்டுப் போயிருந்தது. ரேணிகுண்டாவில் தெரிந்த மெக்கானிக்கைப் பிடித்து தாட்சாயணி அதைச் சரி செய்துகொண்டாள். இப்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளே ஸ்கேன் செய்கிறாள். தூசி தட்டி, மடிப்புப் பிரித்து, பக்க எண் பார்த்து, தலை மேலே இருக்கிறதா என்று பார்த்து. ஒரு நாளைக்கு இருபது பக்கம். இணையத்தில் ஏற்ற அனுமதி இல்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை என் வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னேன், "இப்படியே போனா எட்டு வருசம் ஆவும் தாட்சாயணி."

அவள் எழுபதாம் வருடத்து நெசவாளர் சங்க நோட்டீசு ஒன்றைக் கண்ணாடி மேல் நேராக வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள், "எனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு பன்னண்டு வருசம் இருக்குது அண்ணா. மிச்ச நாலு வருசத்துல சரிபாத்துடுவேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் வுழுது."