ஞாயிற்றுக்கிழமை அதிகமாக வலித்த குதிகால்

"காலு சரியில்லாட்டி சமதரையும் மேடுதான்" என்பது எங்கள் கம்பெனி லைனில் ஒரு பேச்சு. எனக்கு எதிரில் நிற்கிற கெலமங்கலத்து அக்கா சொல்வது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாய்க்கு உருட்டித் தருகிறவர். ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில், சின்னச் சின்னப் பல்சக்கரங்களைப் பார்த்து அனுப்புவது எங்கள் வேலை. கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். அந்த வாய்க்காகத்தான் நான் வேலைக்கே போகிறேன் என்பார் என் வீட்டுக்காரர். பொய்யில்லை.

எனக்கு முடக்குவாதம் என்பது முன்பே தெரியும். காலையில் விரல் மடங்காது. மாத்திரை போட்டு அதை ஒருவழியாக அடக்கி வைத்திருந்தேன். போன வருஷம் குதிகாலுக்கு இறங்கிவிட்டது. கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால், கீழேயிருந்து யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்.

கால் மாற்றி மாற்றி நிற்பதை சூப்பர்வைசர் கவனித்துவிட்டார். கண்ணாடி ரூமில் உட்கார்ந்தபடி பெட்டிகளை ஸ்கேன் பண்ணுகிற வேலை காலியாக இருக்கிறது, ஆயுத பூஜைக்குள் சரியாகாவிட்டால் அங்கே மாற்றிவிடுகிறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த ரூமில் ஒரே ஒரு நாற்காலி. பேச ஆளே கிடையாது. சும்மா உட்காரச் சொன்னாலே எனக்கு மூச்சு முட்டும், இதில் பேசாமல் வேறு உட்கார வேண்டுமாம்.

லைனில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சூடாக்கிய செங்கல்லில் எருக்கிலையைப் போட்டு அதன்மேல் மிதிக்கச் சொன்னார் அக்கா. மிதித்தேன். ஏற்கெனவே வீங்கிக் கொதித்துக்கொண்டிருந்த குதிகால் இன்னும் உப்பிக்கொண்டது. மூட்டு டாக்டரம்மாவிடம் போனேன். இதுவும் அந்த வாதத்தின் வேலைதான், தனி நோய் இல்லை என்றார். மருந்தை மாற்றிக் கொடுத்தார். ஆபரேஷன் பேச்சே வேண்டாம், ஊசிகூட அப்புறம் பார்க்கலாம், முதலில் பாதத்துக்கு மெத்தையும் பயிற்சியும் என்று பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் கம்பெனி ஷூவுக்குள் வைக்க மெத்துமெத்தென்று ஒரு ஜோடி குதிகால் பட்டை கொடுத்தாள். படுக்கையை விட்டு எழும் முன்னால் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கணும், வேலை முடிந்து வந்ததும் ஐஸான தண்ணீர் பாட்டிலைக் காலடியில் உருட்டணும். எல்லாம் செய்தேன். கம்பெனியில் வலி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உயிர் போனது.

அத்தை, அதாவது என் மாமியார், அதையும் கவனித்தார். "கம்பெனின்னா ஓடற, வீட்டு வேலைன்னா நொண்டற. உன் காலுக்கு லீவு நாள் நல்லாத் தெரியுது தாயீ."

அடுத்த தடவை போனபோது பிசியோ பெண்ணிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "வீட்ல என்ன தரைங்க்கா?" என்றாள்.

கிரானைட். வேறென்ன? வீட்டுக்காரர் கல் பாலிஷ் போடும் பட்டறையில் இருக்கிறார். வாசல் முதல் அடுப்படி வரை கறுப்புக் கல், முகம் பார்க்கலாம். வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை அந்தத் தரையைத்தான் முதலில் காட்டுவார். அதில் ஞாயிறு முழுக்க வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். வீட்டுக்குள்ளும் மெத்துச் செருப்பு போடணும், அது கட்டிலடியிலேயே கிடக்கணும் என்றாள் அவள்.

வீட்டில் சொன்னதும் அத்தை முகம் இறுகிப்போனது. அடுப்பங்கரையில் செருப்புக் காலா என்றார். வீட்டுக்காரர் நடுவில் மாட்டாமல், பட்டறையில் கல்லுக்கு இடையில் வைக்கிற ஸ்பாஞ்ச் ஷீட்டைச் சுருட்டி எடுத்துவந்து, அடுப்படியிலிருந்து குழாயடி வரை விரித்தார். அத்தை ஒரு நாள் பொறுத்தார். தன் தரை மூடிக் கிடப்பதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. "வூடா இது, பார்சலா?" என்று எல்லாவற்றையும் சுருட்டிக் கொல்லையில் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

திரும்பி வந்தபோது பையில் ரோஜா நிறத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. தெரு மண்ணே படாத செருப்பு வேண்டும் என்று கேட்டாராம். அப்புறம் எதுக்கும்மா செருப்பு என்றானாம் கடைக்காரன். அதை அவரே மஞ்சள் தண்ணீரில் கழுவி என் கட்டிலடியில் வைத்தார்.

"இது செருப்பில்ல, மருந்து. வாசப்படி தாண்டக் கூடாது, சாமி ரூமுக்குள்ள வரக் கூடாது. மத்தபடி எங்க வேணா நட."

அடுத்த வாரமே அவருக்கும் ஒரு ஜோடி வந்தது. முழங்கால் வலி என்று வீட்டுக்காரரிடம் சொன்னாராம். நான் கேட்டதற்கு, தரை வழுக்குது என்றார்.

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முதல் அடி லேசானது. ஒரு ஞாயிறு, மத்தியானச் சோறு வடித்த பிறகுதான் இன்றைக்குக் குதிகாலை நினைக்கவே இல்லையே என்று உறைத்தது.

ஆயுத பூஜையன்று மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கொடுத்து முடித்ததும் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். காலைப் பார்த்தார். இரண்டு காலையும் சமமாக ஊன்றி நின்றேன். இன்னும் வலிக்கிறதா என்று கேட்டார். எழுந்ததும் கொஞ்சம் இருக்கு சார், வேலையில் இல்லை என்றேன்.

நான் முடிப்பதற்குள் எதிரிலிருந்து அக்கா, "அவளை அந்த ரூமுக்கு அனுப்பாதீங்க சார். கண்ணாடி கிட்ட பேசியே அதைப் பெங்களூருக்கு ஓடவச்சிருவா" என்றார்.

லைன் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்துவிட்டு, "இங்கயே நில்லும்மா" என்று சொல்லிப் போனார். நான் நின்றேன். அக்கா ஒரு கைப்பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டு, தன் சம்பந்தி வீட்டுச் சண்டையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.