இடது பெடலின் மரை

என் மகள் ஓடி முடித்திருக்க வேண்டிய ஒரு போட்டியை முடிக்காமல் போனதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுதிக்கொண்டு போகும்போதே எனக்குச் சாதகமாக ஏதாவது சேர்த்துவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. நாங்கள் ஜோகுபாளையத்தில், என் அப்பா அரசு வேலையில் இருந்தபோது கட்டிய வீட்டில் இருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவு எஞ்சினியராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். மகளுக்கு இருபத்தேழு வயது, மென்பொருள் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தார். தை மாதம் கல்யாணம் முடிந்ததும் அவளும் போய்விடுவாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு நெடுந்தூர டிரையத்லானை முடித்துவிட வேண்டும் என்றாள். இரண்டு வருடமாக அதற்குத்தான் பயிற்சி.

கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். அதை விட்டு இறங்கியதும் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர வரம்பு. தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அவள் விடியற்காலையில் அல்சூர் ஏரிக்கரை நீச்சல் குளத்தில் நீந்துவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹோசகோட்டே தாண்டிச் சைக்கிள் ஓட்டிவிட்டு, மூஞ்சியெல்லாம் லாரிப் புகையோடு திரும்புவாள்.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு இப்படிக் கருத்துப்போய் நின்னா, சம்பந்தி வீட்ல கேட்டா நான் என்னடி சொல்றது?"

"வெயில்ல வடாம் காயப்போட்டோம், கூடவே இவளையும் காயப்போட்டுட்டோம்னு சொல்லும்மா."

"சிரி. வாய் மட்டும் கருக்கவே மாட்டேங்குது."

எனக்கும் முதலில் பிடிக்கவில்லைதான். ஆனால் கடைசி இரண்டு மாதங்களில் நான் அவளுக்கு உதவியாளனாக ஆகிவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. போர்ட்டிகோவில் துண்டு விரித்து ஷூ, ஹெல்மெட், கண்ணாடி எல்லாவற்றையும் வரிசையாக வைப்போம். அவள் குளியலறையில் நீச்சலுடையில் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டு ஓடிவந்து, சைக்கிளில் ஏறத் தயாராவது வரை நான் நேரம் பார்ப்பேன். நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். ஷூவில் முகப்பவுடர் தூவி வைத்தால் ஈரக் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்பது நான் சொன்ன யோசனை. அவள் அதைத் தன் சிநேகிதர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரை ஊர் ஒன்றில். வெள்ளிக்கிழமை இரவு ரயில். கடைசி வாரம் உடம்புக்கு வேலை கொடுக்கக் கூடாதாம். ஆகவே அவள் அலுவலகம் போய் வந்துகொண்டிருந்தாள். வீட்டில் சும்மா இருந்தவன் நான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் இல்லாதபோது, சைக்கிளை அட்டைப் பெட்டியில் அடைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. அடைப்பதற்கு முன்சக்கரத்தையும் இரண்டு பெடல்களையும் கழற்ற வேண்டும். கழற்றினேன். பெட்டியில் சரியாக அடங்கியது. மறுநாள் காலை அவள் ஏரி வரை ஒரு சின்னச் சுற்றுப் போய்வருவதாகச் சொல்லியிருந்ததால் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட உட்கார்ந்தேன்.

சைக்கிளில் வலது பெடலின் மரை வழக்கமான திசையில் வெட்டப்பட்டிருக்கும். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த் திசையில். இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. இரண்டு பெடலிலும் எது வலது, எது இடது என்று சின்ன எழுத்தும் பொறித்திருக்கும். நான் மூக்குக்கண்ணாடியை உள்ளே வைத்திருந்தேன். எழுந்துபோய் எடுத்துவரச் சோம்பல். வலது பெடலை இடது பக்கத்தில் வைத்துத் திருப்பினேன். கையால் போகவில்லை. அழுக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டேன். அப்போதும் போகவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி முழு பலத்தோடு அழுத்தினேன். போயிற்று.

போன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பெடலின் தண்டு எஃகு. அதை மாட்டுகிற கை, கிராங்க் என்பார்கள், அலுமினியம். வெளியே எடுத்தபோது வெள்ளி நூல் போல அலுமினியச் சுருள் ஒன்று அதோடு வந்தது. தொழிற்சாலையில் ஒரு பயிற்சித் தொழிலாளி இதைச் செய்திருந்தால் அவனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டிருப்பேன். கேட்டிருக்கிறேன்.

சரியான பெடலை எடுத்து மாட்டினேன். உள்பக்கத்தில் கொஞ்சம் மரை மிச்சம் இருந்தது. குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியதும் அசையாமல் நின்றது. அலுமினியச் சுருளைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை. அந்த மாதிரி சைக்கிளுக்கு உதிரிப் பொருள் வைத்திருந்த கடைகள் அப்போது ஊரில் ஒன்றிரண்டுதான். ஜெயநகர்ப் பக்கம் ஒன்று இருந்தது. புதுக் கை ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாம். அவள் கத்தியிருப்பாள். "உங்களை யாருப்பா தொடச் சொன்னது" என்று கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தேன். முப்பது வருடம் மற்றவர்களுடைய தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன், பெண்ணின் முன்னால் மரை தெரியாதவனாக நிற்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஏரி வரை போய்வந்தாள். கேட்டைத் திறக்கும்போதே கேட்டாள்.

"அப்பா, லெஃப்ட்ல மிதிக்கறப்ப டக்கு டக்குனு ஒரு சத்தம் வருது. பெடலைக் கழட்டினீங்களா?"

"கழட்டி கிரீஸ் போட்டேன். புது கிரீஸ் அப்படித்தான் இருக்கும். ஓட ஓட சரியாயிடும்."

"ஆஃபீஸ் போற வழில கடைக்காரர்கிட்ட ஒரு தடவை காட்டிடவா? ஆட்டோல போட்டுக்கிட்டுப் போயிடறேன்."

"எதுக்கு? அவன் கைல குடுத்தா இருக்கறதையும் கெடுப்பான். நான் பார்த்துட்டேன்ல."

"சரிப்பா. நீங்க பார்த்துட்டா ஓகே."

அந்தக் கடைக்காரரை நான் ஒருமுறைதான் பார்த்திருந்தேன். வேலை தெரிந்த மனிதர். அவரைக் கெடுப்பவன் என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் மறுபடி கழற்றிப் பெட்டியில் அடைத்த சைக்கிளை, கடற்கரை ஊரில் சனிக்கிழமை மத்தியானம் அவளே பொருத்தினாள். போட்டியில் ஓட்டுகிற வண்டியைத் தன் கையாலேயே முடுக்க வேண்டும் என்பது அவள் வைத்திருந்த விதி. நான் விடுதி அறைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பெடலில் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்து, "இது எதுக்குப்பா?" என்றாள். அதிர்வில் கழலாமல் இருக்க என்றேன். தலையாட்டிவிட்டுத் திருகினாள். கடைசிச் சுற்றில் கையை நிறுத்தி, "இவ்ளோ லேசாப் போகுதே. இன்னும் டைட் பண்ணட்டுமா?" என்று கேட்டாள்.

"போதும். ரொம்ப முடுக்கினா மரை போயிடும்."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். எத்தனையோ மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

மறுநாள் அவள் கடலிலிருந்து எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வெளியே வந்தாள். பவுடர் தூவிய ஷூவில் கால் சிக்காமல் நுழைந்தது. என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டிவிட்டு ஏறிப் போனாள். சைக்கிள் பாதை போய்த் திரும்பி வருவதாக இரண்டு சுற்று. முதல் சுற்று முடிந்து என்னைக் கடந்தபோது வாயில் கடலைமிட்டாய் இருந்தது. நேரம் தாராளமாக இருந்தது. தேவைப்பட்டால் ஓட்டத்தில் பாதியை நடந்தே முடிக்கிற அளவுக்கு இருந்தது.

இரண்டாவது சுற்றில் அவள் வரவில்லை. அவளுக்குப் பின்னால் போனவர்கள் எல்லாம் வந்தார்கள். வெயில் ஏறியது. நான் தார் ரோட்டின் ஓரத்தில் நின்று, விழாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு அவள் தெரிந்தாள். ஒரு காலால் மட்டும் மிதித்துக்கொண்டு வந்தாள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாள். மறுபடி ஏறினாள். கழன்ற பெடலை முதுகுப் பையில் செருகியிருந்தாள். இருபது கிலோமீட்டருக்கு மேல் அப்படியே வந்திருக்கிறாள்.

சைக்கிள் பாதை முடியும் கோட்டில் நின்றிருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். "மேடம், டைம் முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு. ஓட விட முடியாது."

"நான் ஓடிடுவேன் சார். கால் நல்லாத்தான் இருக்கு. பாருங்க."

அவர் பார்க்கவில்லை. அவள் காலில் கட்டியிருந்த நேரப் பட்டையைக் குனிந்து கழற்றிக்கொண்டார்.

அவள் நடைபாதையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "நான்தான் சரியா டைட் பண்ணலப்பா. லேசாப் போறப்பவே நினைச்சேன். ச்சே, இரண்டு வருஷம்" என்றாள். நான் அவள் தலையில் கை வைத்து, "பரவாயில்லம்மா. யாருக்கு வேணும்னாலும் நடக்கும். விடு" என்றேன்.

செய்த தப்பைவிட இது பெரிது. என் தப்புக்காக நான் அவளை மன்னித்தேன். அவளும் அதை நன்றியோடு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா பிடித்துக்கொண்டாள். "உங்கப்பா ராத்திரி பகலா அந்தச் சைக்கிளைக் கட்டிக்கிட்டுக் கிடந்தார். ஒரு பெடலை ஒழுங்கா முடுக்கத் துப்பில்ல. அவசரக்குடுக்கை. ஏங்க, நீங்களாவது கூட இருந்து பார்க்கக் கூடாதா?"

"விடு. குழந்தையே நொந்துபோயிருக்கு" என்றேன். மகள் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

அவள் அலுவலகம் போன பிறகு நானே சைக்கிளை ஜெயநகருக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "யார் சார் மாட்னது? தப்பு பெடலைப் போட்டு மரையைச் சாப்ட்டு வெச்சிருக்காங்க. ஸ்வல்ப முன்னாடியே கொண்டாந்திருக்கலாமே" என்றார். தெரியவில்லை என்றேன். புதுக் கை மாட்டிக்கொண்டு வந்தேன். இனி யாரும் கண்டுபிடிக்க வழியில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அவள் அந்தச் சைக்கிளை விற்றுவிட்டாள்.

கல்யாணத்துக்குள் கதை உறவு முழுவதும் பரவியிருந்தது. என் தம்பிதான் அந்தப் பெயரை வைத்தான். மண்டபத்தில் மாப்பிள்ளையிடம், "மாப்ளே, பார்த்து நடந்துக்குங்க. எங்க பொண்ணு மரை கழண்ட கேஸு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அதுவே பெயராகிவிட்டது. சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள், எல்லோருக்கும் அவள் மரை கழண்ட கேஸ். லீவுக்கு வந்தால் முதல் வரவேற்பு அதுதான். பதினைந்து வருடம் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் பேத்தி தன் கட்டில் ஆடுகிறது, ஸ்க்ரூவை முடுக்கித் தா என்று கேட்டாள். "அப்பா வரட்டும்டி. அம்மா முடுக்கினா எல்லாம் கழண்டுடும்" என்றாள் என் மகள், சாதாரணமாக, பெயரை ஒத்துக்கொண்டுவிட்டவள் மாதிரி. எட்டாவது படிக்கும்போது வீட்டு மிக்ஸியைப் பிரித்துத் திரும்ப ஓடவைத்த பெண்.

அப்போது சொன்னேன். பெடல், குழாய்த் துண்டு, டேப், கடைக்காரர் எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கடைசியா ஆஸ்பத்திரில இருந்தப்பகூட நர்ஸ்கிட்ட சொன்னாங்கப்பா. என் பொண்ணு நல்லவதான், ஆனா அவசரக்குடுக்கைன்னு. நீங்க அங்கதான உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடறவங்க ஒவ்வொருத்தருக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. யார் செஞ்சதுன்னு சொல்லுங்க."

அந்த வாரம் முழுவதும் போன் செய்தேன். அக்கா காது கேட்காமல் என் உடம்புக்கு என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தங்கை மகன், "இதுக்கா மாமா போன் பண்ணீங்க? சும்மா ஜாலிக்குக் கூப்பிடறதுதான, யார் சீரியஸா எடுத்துக்கறா?" என்றான். தம்பியிடம் முழுவதையும் விவரமாகச் சொன்னேன். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும் அண்ணே. இத்தனை வருஷம் கழிச்சு என்ன? அவ என்னைக்கும் நமக்கு மரை கழண்ட கேஸுதான்" என்று சிரித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"சித்தப்பா என்ன சொன்னாரு?"

பொய் சொல்லத் தோன்றியது. வருத்தப்பட்டான் என்று சொல்லியிருக்கலாம்.

"சிரிச்சான்" என்றேன்.

"எழுதி அனுப்புங்க. எல்லாருக்கும். படிக்கறப்ப சிரிக்க முடியாத மாதிரி எழுதுங்க" என்றாள்.